ஆயிரம் அடி போர்வெல் வேண்டாம்

அன்புள்ள முருகா,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, நேரில் திட்டிக்கொள். இப்போது அவசரம். பென்னாகரம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு நம் செட் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டுத் தரப்போவதாக நெட்டையன் சொன்னான். கல்வெட்டுக்கு இடம்கூடப் பார்த்தாயிற்றாமே!

முதலில் போர் வண்டியை நிறுத்தச் சொல். தர்மபுரிப் பாறையில் ஃபுளூரைடு என்ற உப்பு இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் தண்ணீர் பாறையோடு வெகுகாலம் ஊறியது. அதில் ஃபுளூரைடு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அனுமதித்த அளவு, வேறு வழியே இல்லையென்றால் 1.5. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இதைக் குடித்தால், முளைக்கப்போகும் பல்லிலேயே காவிக்கறை விழுந்துவிடும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். அதைத் திருப்ப மருந்து இல்லை, முருகா. நல்ல மனதோடு கொடுக்கிற காசு இதற்கா போகவேண்டும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் அந்த மாவட்டத்துக்கு வருகிறது. பள்ளிக்கு அந்த இணைப்பு இருக்கிறதா, அந்தத் தண்ணீர் விழும் தொட்டியில் போர் தண்ணீரையும் கலக்கிறார்களா என்று விசாரி. இப்போது குடிக்கிற தண்ணீரைக் கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடு. பிளாஸ்டிக் பாட்டிலில் எடு, கண்ணாடி கூடாது.

தண்ணீரை மெல்லிய சவ்வில் (மெம்பரேன்) வடிகட்டும் ஆர்ஓ மெஷின் வைக்கலாமே என்பாய். அதை நான் ஏற்கமாட்டேன். ஃபுளூரைடை எடுக்கும், சரி. கழிவு நீரை எங்கே விடுவது? மெம்பரேன் மாற்ற வருஷா வருஷம் யார் பணம் கட்டுவது?

போருக்குப் பதில் கூரை மழைநீரைத் தொட்டியில் சேமிக்கலாம். மழையில் ஃபுளூரைடு இல்லையென்றே சொல்லலாம். 100 சதுர மீட்டர் கான்கிரீட் கூரையில் வருஷத்துக்கு 850 மி.மீ. பெய்தால், சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு போக 68,000 லிட்டர். 80 பிள்ளைகளுக்குத் தலைக்கு 2 லிட்டர் வைத்தால் நாளைக்கு 160. மழையில்லாத 100 பள்ளி நாளுக்கு 16,000. ஆக 20,000 லிட்டர் தொட்டி போதும். இது குடிக்க மட்டும். கை கழுவப் பழைய போரே இருக்கட்டும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், கூரை அழுக்கோடு வரும் முதல் மழைத் தண்ணீரைத் தள்ளிவிடும் இடத்தில். நாலு அங்குலக் குழாயை மூன்றடி நீளத்துக்கு மாட்டிவிட்டுப் போவார்கள்; அதில் ஏழெட்டு லிட்டர்தான் பிடிக்கும். இந்தக் கூரைக்கு 100 லிட்டர் டிரம் வேண்டும். அடியில் சிறு துளை விட்டால், அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் டிரம் நிறைந்தபடியே நிற்கும். பறவை எச்சமெல்லாம் நேரே தொட்டிக்குத்தான்.

தொட்டிக்கு முன்னால் ஜல்லி, மணல், கரி வடிகட்டி. தொட்டிக்குள் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஓவர்ஃப்ளோ வாயில் கொசுவலை. வாளி விட்டு மொள்ளக் கூடாது, குழாய்தான். நிறைந்த தொட்டிக்குப் புது பிளீச்சிங் பவுடர் 130 முதல் 160 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்று. அரைமணி கழித்துச் சோதித்தால் லிட்டருக்குக் குளோரின் 0.2 மில்லிகிராமாவது காட்டவேண்டும்.

மிஞ்சுகிற பணத்தைச் சிலவழிக்காதே. தொட்டி கழுவ, மணல் மாற்ற என்று பள்ளிப் பேரில் வங்கியில் போட்டு வை. மேஸ்திரியிடம் கூரையின் நீள அகலம், வாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுது. குழாய் அளவை நான் போட்டு அனுப்புகிறேன். நெட்டையனிடம் போருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
செல்வம்