முதல் தடவை வர்றவங்கள எழுப்பி நிக்க வைக்காதீங்க பாஸ்டர்

பாஸ்டர் ஐயாவுக்கும் பாஸ்டரம்மாவுக்கும், மூப்பர்மாருக்கும், வாசல்ல ஐடி கார்டு மாட்டிட்டு நிக்கிற வரவேற்பு டீம் தம்பி தங்கச்சிங்களுக்கும் என் ஸ்தோத்திரம்.

சபை பேரு, ஏரியா பேரு எதையும் வேணும்னேதான் எழுதல. இது உங்க ஒரு சபை சமாச்சாரம் மட்டும் இல்ல. ஹார்டுவேர் கடைக்கு மேல, கல்யாண மண்டபத்துல, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுலன்னு சென்னை முழுக்க ஞாயித்துக்கிழமை கீபோர்டு சத்தம் கேக்குற எல்லா பெந்தெகொஸ்தே சபைக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். படிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நான் பாளையங்கோட்டைக்காரி, சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை, நீங்க பாரம்பரிய சபைன்னு சொல்றது. பாமாலையும் கீர்த்தனையும் பாடி, அசனத்துல பந்தி பரிமாறி வளர்ந்தவ. கல்யாணம் ஆகி சென்னைக்கு வந்த பிறகு எங்க சபைக்கு போகணும்னா ரெண்டு பஸ் மாறணும், சின்ன பிள்ளைய வச்சிட்டு அது நடக்குற காரியமா சொல்லுங்க. ஆஃபீஸ்ல பக்கத்து சீட்டு சிஸ்டர் உங்க சபைதான், ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க, அவங்க கூப்பிட்டதுல நெஜமாவே பாசம் இருந்துச்சு, சரின்னு நானும் எம்பொண்ணும் கிளம்பினோம். எங்க டீம்ல இன்னொரு தோழி, அவங்க இந்து, பாட்டெல்லாம் நல்லா இருக்குமாமே நானும் வர்றேன்னு கூடவே தொத்திக்கிட்டாங்க.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். சாட்சி நேரத்துல வீட்டு வேலை செய்யிற அக்கா ஒருத்தங்க மைக்க புடிச்சாங்க. புருஷன் குடிய விட்டு எட்டு மாசமாம், இந்த மாசம்தான் முதல் தடவையா சம்பள கவர பிரிக்காம கொண்டாந்து கையில குடுத்தாராம். அந்த கவர இடுப்புல சொருகியிருந்த பர்ஸுல இருந்து எடுத்து தூக்கி காட்டுனாங்க, இன்னும் பிரிக்கல, ஓரத்துல மஞ்சள் கறை. ஹாலே அழுதுச்சு, நானும்தான். எங்க ஊர் கோயில்ல அந்த அக்காவுக்கு மைக் கிடைச்சிருக்குமா? வேதபாடம் வாசிக்கவே கமிட்டிக்காரங்க வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவாங்க. அந்த விஷயத்துல நாங்கதான் உங்ககிட்ட வந்து கத்துக்கணும், மறுபேச்சே இல்ல.

ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததுக்குத்தான் இந்த மடல்.

"இன்னைக்கு முதல் முறையா வந்திருக்கிற புது ஆத்துமாக்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க"ன்னு மேடையில இருந்து சொன்னீங்க. நாங்க எழும்பல. உடனே டீம் தம்பி ஓடி வந்து "சிஸ்டர் எழும்புங்க சிஸ்டர், கூச்சப்படாதீங்க"ன்னு தோள தட்டாத குறை. எழுந்தோம். மொத்த சபையும் திரும்பி கை தட்டுது, கேமரா எங்க பக்கம் திரும்புது, பெரிய ஸ்கிரீன்ல எங்க மூணு பேர் மூஞ்சி. அப்பதான் உறைச்சுது, இது யூடியூப் லைவ். என் தோழி மொகம் செத்துப்போச்சு. அவங்க மாமியார் வீட்ல சொல்லிட்டு வரல, சொல்லணும்னும் தோணியிருக்காது, பாட்டு கேக்கத்தானே வந்தாங்க. "அல்லேலூயா, இன்னைக்கு மூணு ஆத்துமா!"ன்னு நீங்க எண்ணி சொன்னப்ப எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு பாஸ்டர். இவங்க ஏன் வந்தாங்க, என்ன மனநிலையில இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு முன்னாடியே கணக்குல சேர்த்தாச்சு.

அடுத்து ஒரு கார்டு. பேரு, செல் நம்பர், வீட்டு அட்ரஸ், ஜெபக்குறிப்பு, அதுக்கு கீழ "இரட்சிக்கப்பட்ட தேதி", அதாவது மனந்திரும்பி இயேசுவ ஏத்துக்கிட்ட நாள். எனக்கு ஞானஸ்நான சர்ட்டிபிகேட் இருக்கு, திடப்படுத்தல் எடுத்த தேதி இருக்கு, பேராயர் பேரு கூட ஞாபகம் இருக்கு, ஆனா இந்த தேதிக்கு நான் எங்க போவேன்? கோடு போட்டு விட்டேன். தம்பி அத பாத்துட்டு பக்கத்துல இருந்த அண்ணன்கிட்ட காட்டுனாரு, ரெண்டு பேரும் என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, ரயில்ல டிக்கெட் இல்லாம மாட்டினவள பாக்குற மாதிரி.

இனி அந்நிய பாஷை விஷயம், அதாவது ஆவியில நிறைஞ்சு, கேக்குறவங்களுக்கு புரியாத பாஷையில ஜெபிக்கிறது. இத நான் கேலி பண்ணல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. ஆராதனை உச்சத்துக்கு போய் கீபோர்டு ஒரே நோட்ல நிக்க, முன்னாடி பின்னாடி பக்கத்துலன்னு எல்லாரும் ஒரே நேரத்துல சத்தமா அந்நிய பாஷையில பேச ஆரம்பிச்சாங்க, முன் வரிசையில ஒரு அக்கா அப்படியே சாஞ்சு விழுந்தாங்க, ரெண்டு சிஸ்டர் ஓடி வந்து துப்பட்டா போத்துனாங்க. என் பொண்ணுக்கு ஆறு வயசு. என் புடவைய இறுக்கி புடிச்சுட்டு "அம்மா அந்த ஆன்ட்டிக்கு என்னாச்சு, டாக்டர கூப்பிடுங்க"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. மேடையில இருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு நிமிஷம் விளக்கியிருக்கலாமே. கடைசியில பின்வரிசை ஜமக்காளத்துல உக்காந்திருந்த வெள்ளச்சேலை பாட்டிதான் அவள இழுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. முந்தியில முடிஞ்சு வச்சிருந்த ஆரஞ்சு மிட்டாய பல்லால கடிச்சு ரெண்டாக்கி பாதிய அவ வாயில போட்டுட்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, அந்த அக்கா சாமிகிட்ட பேசுது, களைச்சுப் போச்சு, இப்ப எழுந்துக்கும்"னாங்க. அவ்வளவுதான், பிள்ள அழுகைய நிறுத்திட்டா. உங்க வரவேற்பு டீம்ல அந்த பாட்டி இல்ல. ஐடி கார்டும் இல்ல.

நீங்க ஒவ்வொரு செய்தியிலயும் பவுல மேற்கோள் காட்டுறவங்க, அதனால கேக்குறேன். கொரிந்து சபைக்கு அவரு எழுதின கடிதத்துல 1 கொரிந்தியர் 14 எதுக்காக வந்த அதிகாரம்? எல்லாரும் ஒரே நேரத்துல அந்நிய பாஷையில பேசிட்டு இருக்கும்போது விவரம் தெரியாத ஒருத்தரோ அவிசுவாசியோ உள்ள வந்தா உங்களுக்கு பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களான்னு 23-ஆம் வசனத்துல நேராவே கேக்குறாரு. 27-ல ரெண்டு பேரு, மிஞ்சிப்போனா மூணு பேரு, அதுவும் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர், அர்த்தம் சொல்ல ஒரு ஆளுன்னு கணக்கே குடுக்குறாரு. அர்த்தம் சொல்ல ஆள் இல்லையா, சபையில பேசாம தனக்கும் தேவனுக்கும் தெரிய பேசிக்கட்டும்னு 28. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கொரிந்து பட்டணத்துல பின் வரிசையில முழிச்சிட்டு உக்காந்திருந்த ஏதோ ஒரு புது ஆள பவுல் யோசிச்சிருக்காரு. அந்த ஆளுக்காக மொத்த சபையையும் கொஞ்சம் அடக்கி வாசிக்க சொல்லியிருக்காரு. அட, சீஷங்க மேல பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாளையே எடுத்துக்கோங்க, வேடிக்கை பாத்த ஜனம் இவங்க குடிச்சிருக்காங்கன்னு சொன்னதும் பேதுரு எழுந்து முதல்ல செஞ்ச காரியம் என்ன? விளக்கம் சொன்னதுதான். காலையில மூணாம் மணி வேளைதான் ஆகுது, யாரும் குடிக்கல, யோவேல் தீர்க்கதரிசி சொன்னது இதுதான்னு வெளியாளுக்கு புரியுற மாதிரி எடுத்து சொல்லிட்டுத்தான் பிரசங்கத்துக்கே போறாரு. அத நீங்க ஏன் விட்டுட்டீங்க?

பிரசங்கம் ஒண்ணேகால் மணி நேரம். நீளத்தை பத்தி எனக்கு குறை இல்ல, நல்லா பேசுறீங்க. ஆனா நடுவுல "பாரம்பரிய சபைகள்ல இருக்கிறதெல்லாம் பேர் கிறிஸ்தவங்க, அது செத்த சபை, அங்க ஆவி இல்ல"ன்னு சொல்லிட்டு சிரிச்சீங்க, சபையும் சிரிச்சுது. புதுசா வந்தவங்க யாரு என்னன்னு கார்டுல எழுதி வாங்கிட்டு, அதே ஆளு உக்காந்திருக்கும்போது அவங்க அம்மா வீட்ட பத்தி மைக்ல சிரிக்கிறது எந்த ஊரு மரியாதை? விஷயமும் தப்பு. 1906-ல லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவுல எழுப்புதல், அதாவது ஜனங்களுக்குள்ள பெரிய பக்தி விழிப்பு, வந்ததைத்தான் எல்லாரும் பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு ஆரம்பம்னு சொல்றோம். அதுக்கு நாப்பது வருஷத்துக்கும் மேல முன்னாடி, 1860-ல, அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவுல ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்கிற தமிழ் ஊழியக்காரர் மூலமா ஒரு எழுப்புதல் வந்துச்சு, அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், ஜனங்க நடுங்கி விழுறது எல்லாம் அதுல இருந்ததா அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அந்த அருளப்பன் பாளையங்கோட்டையில ரேனியஸ் ஐயர்ங்கிற ஜெர்மன் மிஷனரிகிட்ட படிச்சவரு. அந்த எழுப்புதல் நீங்க செத்த சபைன்னு சொல்ற அதே மிஷன் சபைகளுக்குள்ளயும் பரவுச்சு. எங்க சபையில இன்னைக்கு தூக்கம் ஜாஸ்தி, சண்டை ஜாஸ்தி, எலக்ஷன் கேஸு கோர்ட்டு வரைக்கும் போகுது, அதெல்லாம் ஒத்துக்குறேன். ஆனா செத்துப் போச்சுன்னு சொல்ல நீங்க யாரு பாஸ்டர்?

அசூசா தெருன்னு சொன்னதும் இன்னொண்ணு. அங்க நடத்தின வில்லியம் சீமோர் அடிமைகளா இருந்தவங்களோட பிள்ள, கறுப்பினத்தவர். குதிரை கட்டுற இடமா கிடந்த பழைய கட்டடம், மரப்பெட்டிதான் புல்பிட், பலகைதான் பெஞ்சு. வெள்ளைக்காரங்களும் கறுப்பினத்தவங்களும் அந்தக் காலத்து அமெரிக்காவுல ஒண்ணா உக்காந்ததுதான் ஊருக்கே பெரிய அதிசயமா இருந்துச்சு. உங்க ஹால்ல முன்னாடி ரெண்டு சோபா போட்டிருக்கீங்க. லேட்டா கார்ல வந்து இறங்கின குடும்பத்த டீம் அண்ணன் நேரா அங்க கூட்டிட்டு போய் உக்கார வச்சாரு. சம்பள கவர் அக்கா சாட்சி சொல்லிட்டு திரும்பி வந்து உக்காந்தது செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல தரையில. பணக்காரன் ஏழைன்னு ஆள் பாத்து இடம் குடுக்காதீங்கன்னு சொல்ற யாக்கோபு 2-ஆம் அதிகாரத்த அடுத்த வாரம் ஒரு தடவை வாசிச்சுட்டு சோபாவ பாருங்க, நான் வேற எதுவும் சொல்லல.

காணிக்கை பத்தி ஒரே வரி, முதல் தடவை வந்தவங்க போட வேண்டாம், நீங்க எங்க விருந்தாளின்னு பை வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, அந்த க்யூஆர் கோடு ஸ்கிரீன்ல எவ்வளவு நேரம் நின்னாலும் அப்புறம் யாருக்கும் உறுத்தாது. ராப்போஜனமும், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்றதும், அப்படித்தான். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு மட்டும்னா அது உங்க உபதேசம், நான் மதிக்கிறேன். ஆனா அத முன்னாடியே சொல்லுங்க, தட்டு என் கை வரைக்கும் வந்த பிறகு "நீங்க எடுத்தாச்சா சிஸ்டர்?"னு கேட்டு தட்டை பின்னால இழுக்காதீங்க.

ஜெபிக்கிறேன்னு தலையில கை வைக்கிறது. கேட்டுட்டு வைங்க. "ஜெபிக்கட்டுமா சிஸ்டர்?"னு கேக்க ரெண்டு செகண்டு ஆகுமா? எனக்கு ஜெபிச்ச சிஸ்டர் முடிச்சதும் என் காது கம்மல பாத்து "இதெல்லாம் பழைய மனுஷி, கர்த்தர் சீக்கிரம் மாத்துவார்"னாங்க. நகை போடக் கூடாதுங்கறது உங்க சபை வழக்கம், தெரியும், ஆனா எங்க ஆச்சி போட்ட கம்மல் அது. நல்லா அழுதிருப்பேன், பொண்ணு பக்கத்துல இருந்ததால அடக்கிக்கிட்டேன்.

இனி முக்கியமானது, தோழி வீட்டு விஷயம். அந்த வாரமே நாலு பேரு பைபிளோட போய் காலிங் பெல் அடிச்சிருக்கீங்க. கதவ திறந்தது மாமியார். "உங்க மருமக சபைக்கு வந்தாங்க, ஜெபிச்சுட்டு போலாம்னு வந்தோம்"னு வாசல்லயே நின்னு சொல்லியிருக்கீங்க, எதுத்த ஃபிளாட் கதவு வேற திறந்திருந்துச்சாம். அந்த வீட்ல அன்னைக்கு ராத்திரி என்ன நடந்திருக்கும்னு நான் எழுத வேண்டியதில்ல. அந்த பொண்ணு பாட்டு கேக்க வந்துச்சு. கார்டுல அட்ரஸ் எழுதினது நீங்க கேட்டதால. தமிழ்நாட்டுல 2002-ல மதமாற்ற தடைச் சட்டம் வந்து, 2004 எலக்ஷனுக்கு அப்புறம் வாபஸ் வாங்குற வரைக்கும் ஜெபக்கூட்டம் நடத்தவே எத்தனை பேரு பயந்தாங்கன்னு உங்க வயசு ஆட்களுக்கு தெரியும். இன்னைக்கும் ஒரு சின்ன வீடியோ போதும், சபை வாசல்ல கூட்டம் கூடிடும். அப்படி இருக்கும்போது ஒரு பொண்ணோட அனுமதி இல்லாம அவ மூஞ்சிய லைவ்ல போட்டு, அவ வீட்டு வாசல்ல போய் நிக்கிறது அவளுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அத விடுங்க, ஆபத்தே இல்லைன்னாலும் அது அவ வீடு. கூப்பிட்டா போங்க.

நான் கேக்குறது ரொம்ப பெருசு இல்ல. புதுசா வர்றவங்கள உக்காந்தபடி இருக்க விடுங்க. கேமராவ மேடை பக்கமே வச்சுக்கோங்க, பின்னாடி சேர்கள லைவ்ல காட்டாதீங்க. கார்டு வேணும்னா ஒரு மேஜையில வச்சிடுங்க, விருப்பம் இருக்கிறவங்க எடுத்து எழுதட்டும், அந்த தேதி கேள்விய அதுல இருந்து எடுத்துடுங்க. ஆராதனை தொடங்கும்போது ஒரு ஆளு ரெண்டு நிமிஷம், இன்னைக்கு என்னென்ன நடக்கும், எப்ப முடியும், நடுவுல வெளிய போகணும்னா போகலாம், பிள்ளைங்களுக்கு மாடியில ரூம் இருக்குன்னு சொல்லட்டும் (ரூம் இருக்குன்னு எனக்கு டீ குடிக்கும்போதுதான் தெரிஞ்சுது, சுண்டல் நல்லா இருந்துச்சு, செஞ்சவங்களுக்கு சொல்லிடுங்க). அந்த பாட்டிய வாசல்ல நிக்க வைங்க. நிக்க முடியாதுன்னா அந்த சோபாவுல ஒண்ண தூக்கி வாசல்ல போடுங்க.

தோழி திரும்ப வர மாட்டாங்க, அவங்கள விட்டுடுங்க, போன் பண்ணாதீங்க, அவங்களுக்காக ஜெபிக்கிறதா இருந்தா பேர் சொல்லி மைக்ல ஜெபிக்காதீங்க. நான் வருவேன், என் பொண்ணு அந்த பாட்டிய கேட்டுட்டே இருக்கா, அடுத்த மாசம் ஏதாவது ஒரு ஞாயிறு பாக்கலாம்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் குரூப். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாக்குத்தத்த வசனம், அதுக்கு கீழ நூத்துக்கணக்குல ஆமென். நான் லெஃப்ட் ஆகுறேன், யாரோ ஒரு பிரதர் திரும்ப சேர்க்குறாரு, திரும்ப லெஃப்ட் ஆகுறேன், திரும்ப சேர்க்குறாரு. அந்த அட்மின் யாருன்னு பாத்து கொஞ்சம் சொல்லிடுங்க பாஸ்டர்.

இப்படிக்கு,
கார்டுல தேதி எழுதாத சிஸ்டர்