பிரேக் பேடை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பெட்ரோலில் ஓடும் பெரிய ரிமோட் கார்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொழுதுபோக்கு இருப்பதையே பலர் அறியாத நிலையில் அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் பேடை மாற்ற வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் சக்தி கூடிய சர்வோ மோட்டார் (ரிமோட்டின் கட்டளைப்படி ஒரு சிறு கையைத் திருப்பும் மோட்டார்) ஒன்றை வாங்கிப் பொருத்த வேண்டும் என்று இரண்டே வரிகளில் கட்டுரை முடித்துக்கொண்ட இடம் என்னை உறுத்தியது. மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பேரனுடைய காரைக் கழற்றி மாட்டுவதே மாலை வேலையாகிவிட்டவன் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பிரேக் இல்லை என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்பட்ட கார்களில் பேட் தேய்ந்துபோயிருந்தவை குறைவு. கோளாறு பெரும்பாலும் வேறு எங்கோதான் இருந்தது.

கட்டுரையில் சொல்லப்பட்டவை 1/5 அளவுக் கார்கள், அதாவது நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. எச்பிஐ பாஹா 5பி, லோசி ஃபைவ்-டி, ஜெர்மனியின் எஃப்ஜி தயாரிப்புகள் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஜெனோவா ஜி230, ஜி260 போன்ற 22.5 சி.சி., 25.4 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களும் அவற்றை ஒத்தவையும் இவற்றில் இருக்கின்றன. எடை சுமார் 10 கிலோ, அல்லது அதற்கும் மேல். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் 10 கிலோ கார் ஒன்று சுவரில் மோதினால், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, அதே காரைக் கீழே போட்டதற்குச் சமம். இதன் பிரேக்கைப் பற்றி இரண்டு வரியில் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கார்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் பொதுவாக ஒரே சர்வோதான். சர்வோவின் கை ஒரு பக்கம் திரும்பினால் கார்புரேட்டர் திறக்கும். நடுநிலையைத் தாண்டி மறுபக்கம் திரும்பினால் இன்னொரு கம்பி ஒரு லீவரை இழுக்கும். அந்த லீவரின் கேம், இரண்டு பேடுகளை ஒரு டிஸ்க்கின் மேல் நெருக்கும். அந்த டிஸ்க், மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோலச் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியை ஒட்டிய ஓர் அச்சில் இருக்கிறது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே, நம் ஊர் டி.வி.எஸ். 50 மொபெட்டில் இருந்ததைப் போன்ற சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் இருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இதன் ஷூக்கள் விரிந்து, பெல் எனப்படும் கிண்ணத்தைப் பிடித்துச் சக்கரங்களைச் சுற்றவைக்கும்; வேகம் குறைந்தால் ஸ்ப்ரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த மொபெட்டைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கு இந்தக் காரின் வயிற்றுக்குள் புதிதாக எதுவும் இல்லை.

என் பேரனின் கார் சென்ற ஆண்டு திடீரென்று நிற்க மறுத்தது. விற்பனையாளர் ஒருவர் புதுப் பேடு கொடுத்தார். பிறகு விலை கூடிய சர்வோ கொடுத்தார். அதற்கும் நிற்காமல் போகவே டிஸ்க்கையும் மாற்றச் சொன்னார். வீட்டில் ஸ்டாண்டின் மேல் ஏற்றி எஞ்சினை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காத குறைந்த சுற்றில்) ஓடவிட்டுப் பார்த்தபோது பின் சக்கரங்கள் தாமாகவே விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. கிளட்ச் ஸ்ப்ரிங் முறிந்து, ஷூக்கள் எப்போதும் பெல்லைப் பிடித்தபடியே இருந்தன. ஸ்ப்ரிங்கைப் பொறுத்து நிமிடத்துக்கு 6,000 முதல் 8,000 சுற்று வந்த பிறகுதான் ஷூக்கள் விரிந்து பெல்லைத் தொட வேண்டும். இங்கோ, பிரேக் ஒரு பக்கம் இழுக்க, எஞ்சின் மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று முறை செலவழித்த பிறகு, சின்னஞ்சிறிய ஒரு ஸ்ப்ரிங்கில் வேலை முடிந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிரேக் பிடிக்கிறதா என்பதல்ல. எஞ்சின் விட்டுக்கொடுக்கிறதா என்பதுதான். ஸ்ப்ரிங் நன்றாக இருந்தும் இதே நிலை ஏற்படலாம். இன்னொரு காரணம் கொஞ்சம் ஒளிந்திருக்கும்: கார்புரேட்டர் போல்ட் தளர்ந்தோ, கேஸ்கெட் கிழிந்தோ காற்று உள்ளே கசிந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் சில நொடிகள் மேலேயே தொங்கும். அந்தச் சில நொடிகள் கிளட்ச் விடாது. ஓட்டுபவருக்கோ பிரேக் தாமதமாகப் பிடிப்பதுபோலத் தோன்றும். இதற்குப் பேடு மாற்றுவது, வயிற்று வலிக்குக் கண்ணாடி மாற்றுவதைப் போன்றது.

எஞ்சின் பக்கம் குற்றமில்லை என்று தெரிந்த பிறகு, எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியோவை மட்டும் போட்டு, முழு பிரேக்கைப் பிடித்தபடி காரைத் தரையில் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தரையில் இழுபட்டால் பிரேக்கில் குறையில்லை. சக்கரங்கள் உருண்டால் டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் அசையாமல் நிற்க, சக்கரம் மட்டும் உருண்டால், பல் போன கியர், முறிந்த இணைப்பு ஊசி, டிஃபரன்ஷியலிலிருந்து (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் கியர் அமைப்பிலிருந்து) நழுவிய டிரைவ் ஷாஃப்ட் இவற்றில் ஒன்றுதான் காரணம். டிஸ்க்கும் சேர்ந்து சுற்றினால், பேடு அதை நெருக்குகிறதா என்று பார்க்க வேண்டும். நெருக்கியும் வழுக்கினால் பேடின் மேற்பரப்பில் குற்றம். நெருக்கவே இல்லையென்றால் கம்பியிலோ சர்வோவிலோ குற்றம்.

இந்தச் சோதனையில் பலரும் ஏமாறும் ஓரிடம் உண்டு. காரைத் தூக்கி வைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் கையால் திருப்பினால் அது தாராளமாகத் திரும்பும். பிரேக் அறவே இல்லை என்று அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுபக்கச் சக்கரத்தைப் பார்த்தால் அது எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். டிஸ்க் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருப்பதால் இப்படித்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே திசையில் சேர்த்துத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

பேடின் மேற்பரப்பு கெடுவதற்கு முதல் காரணம் தேய்மானம் அல்ல, எண்ணெய். கியர் பெட்டியின் சீல் கசிந்து கிரீஸ் வரலாம்; ஏர் ஃபில்டரில் அளவுக்கு மீறி விட்ட எண்ணெய் தெறிக்கலாம். நான் செய்த தவறு இதைவிட மோசமானது. பேடைத் துடைக்கிறேன் என்று, கைக்கெட்டிய தூரத்தில் இருந்த எரிபொருள் புட்டியிலிருந்தே பெட்ரோலை ஊற்றிக் கழுவினேன். இந்த எஞ்சின்களுக்கு 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி, 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) கலக்கிறோம். பெட்ரோல் ஆவியாகிப் போனது. ஆயில் பேடிலேயே தங்கிவிட்டது. கழுவுவதற்கு முன்பு கொஞ்சமாவது பிடித்த பிரேக், கழுவிய பின்பு அறவே பிடிக்கவில்லை. மாணவர்களிடம் எத்தனையோ முறை சொன்ன பாடத்தை நானே மறந்திருந்தேன். பிரேக் கிளீனர் கொண்டுதான் டிஸ்க்கைத் துடைக்க வேண்டும். பேடின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தால், சமமான பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து அதில் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். எண்ணெய் ஊறிப்போன பேடை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எண்ணெய் வந்த வழியை முதலில் அடைக்காவிட்டால் புதுப் பேடுக்கும் அதே கதிதான்.

கம்பிகளைப் பொறுத்தவரை, ஒரு சட்டத்தை மனத்தில் கொள்ள வேண்டும். பிரேக் தொடுவதற்கு முன்பே கார்புரேட்டர் முழுமையாக மூடியிருக்க வேண்டும். சர்வோவின் கை நடுநிலையில் இருக்கும்போது பேடு டிஸ்க்கை உரசக் கூடாது. நடுவே சிறிது வெற்று அசைவு அவசியம். இதை வீண் அசைவு என்று நினைத்து, கம்பியில் மாட்டிய காலர் என்ற சிறு வளையத்தை நெருக்கி இறுக்கி, அந்த அசைவை அகற்றிவிடுகிறவர்கள், ஓடும்போதெல்லாம் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும் காரைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள். டிஸ்க் சூடேறி நீலம் பாய்ந்திருந்தால் இதை முதலில் சந்தேகிக்கலாம். அந்தக் காலரைப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்க்ரூ, டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வில் தளர்வது வழக்கம். மரையில் ஒரு சொட்டு லாக்டைட் பசை விட்டு ஆலன் சாவியால் இறுக்கிவிட்டால், மைதானத்தில் பாதி நாள் மிச்சமாகும்.

இனி சர்வோ. சக்தி போதவில்லை என்று தோன்றினால், வாங்குவதற்கு முன் கம்பி மாட்டியிருக்கும் துளையைப் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் 20 கிலோ இழுக்கும் சர்வோ, கையின் இரண்டு சென்டிமீட்டர் தூரத்துத் துளையில் 10 கிலோதான் இழுக்கும். கம்பியை உள்துளைக்கு மாற்றினால், அல்லது பிரேக் லீவரின் வெளித்துளைக்கு மாற்றினால், காசு செலவின்றி இழுவிசை கூடும். அசைவின் தூரம் குறையும் என்பதால் டிரான்ஸ்மிட்டரில் பிரேக் பக்கத்து எல்லையைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும். பேட்டரியையும் மறக்கக் கூடாது. ஐந்து செல் கொண்ட 6 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல அளவே காட்டும். ஆனால் வளைவில் நுழையும்போது ஸ்டியரிங் சர்வோவும் பிரேக் சர்வோவும் ஒரே நொடியில் மின்சாரம் கேட்கும். பழைய பேட்டரியோ துருப்பிடித்த ஸ்விட்ச்சோ அப்போது தாக்குப்பிடிக்காது. நேரான பாதையில் நன்றாகப் பிடிக்கும் பிரேக் வளைவில் மட்டும் காணாமல் போகிறது என்றால், இரண்டு சர்வோவையும் இயக்கிக்கொண்டே வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது.

நேர்மாறான புகாரும் வருவதுண்டு. பிரேக் பிடித்தால் கார் வழுக்கிச் சுழல்கிறது என்பார்கள். பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் உள்ள காரில், பிடித்த மறுகணமே எடை முன்பக்கம் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிடும். புழுதி கிளம்பும் செம்மண் மைதானத்தில் அவை உடனே பூட்டிக்கொள்ளும். அங்கே பிரேக்கைக் குறைத்தால்தான் கார் குறைந்த தூரத்தில் நிற்கும்.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது இன்னொன்று. சிக்னல் அறுந்தால் காரை பிரேக் நிலைக்குக் கொண்டுபோகும் ஃபெயில்சேஃப் வசதி இன்றைய ரிசீவர்களில் இருக்கிறது. ஆனால் காரின் பேட்டரியே இறந்துவிட்டால் சர்வோவைத் திருப்ப மின்சாரம் ஏது? எஞ்சினோ தன் ஃப்ளைவீல் காந்தத்திலிருந்தே தீப்பொறியை எடுத்துக்கொள்வதால், பேட்டரி போன பிறகும் ஓடிக்கொண்டேயிருக்கும். மின்சாரம் இல்லாத சர்வோவின் கியர்கள் கம்பியை அந்தந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டால், கார்புரேட்டர் திறந்தபடியே கார் பாயும். கார்புரேட்டருக்கு ஒரு கூடுதல் ரிட்டர்ன் ஸ்ப்ரிங்கும், மின்சாரம் நின்றாலும் எஞ்சினை அணைத்துவிடும் தனியான கில் ஸ்விட்ச்சும் பொருத்தாமல் இத்தகைய காரை மைதானத்தில் இறக்க நான் யாருக்கும் சம்மதிப்பதில்லை. பேரனுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு.

அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதும்போது, கில் ஸ்விட்ச்சைப் பற்றியும், காரை நகர்த்துவதற்கு முன் எஞ்சின் அணைந்த நிலையில் ஒரு முறை, ஐடிலில் ஸ்டாண்டின் மேல் ஒரு முறை என இரு முறை பிரேக்கைச் சோதிப்பது பற்றியும் ஒரு பெட்டிச் செய்தியாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
கோவை.