முன்பே பிறந்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்த என் பேரனின் குடியுரிமை பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் என் பாட்டியின் கதை.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். பினாங்கு அன்று பிரிட்டிஷ் காலனி. இங்கே பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். 1931இல் பினாங்கு ரோடு சவேரியார் கோயிலில் பாட்டிக்குக் கல்யாணம். தாத்தா துறைமுகத்தில் கணக்கெழுதியவர், சொந்த ஊர் காரைக்கால். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். ஆகவே தாத்தா பிரெஞ்சுப் பிரஜை. மணமான அன்றே பாட்டியும் இந்த ஊருக்கு அந்நியர் ஆகிவிட்டார். கணவன் எந்த நாட்டவனோ மனைவியும் அந்த நாட்டவள்தான் என்று 1870 முதல் பிரிட்டிஷ் சட்டத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். “நான் காரைக்காலைக் கண்ணால கண்டதே இல்லையே” என்று பாட்டி வயதான பிறகும் கோபப்படுவார்.

அந்தச் சட்டம் 1949 ஜனவரி 1இல் மாறியது. அன்று முதல் கல்யாணம் செய்பவர்களோடு நிற்காமல், அதற்கு முன் மணமுடித்து உரிமையை இழந்த பெண்களுக்கும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டி எந்த மனுவும் போடவில்லை. (அமெரிக்காவில் 1922இல் இதே போன்ற சட்டத்தை மாற்றியபோது, முன்பே இழந்தவர்கள் விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.)

இப்போது என் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். மகள் திருச்சிக்காரரைக் கட்டினாள். 2016இல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, விமானத்தில் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் பேரன் திருச்சியில் பிறந்தான். துபாயில் வேலை பார்த்த என் மகனுக்கும் அதே ஆண்டில் பெண் குழந்தை. மருமகள் கோயம்புத்தூர். மகன் ஓராண்டுக்குள் நம் தூதரகத்தில் பதிந்தான், பேத்தி மலேசியக் குடிமகள். பேரனுக்கு அது கிடைக்கவில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பா குடிமகனாக இருக்க வேண்டும் என்றுதான் அரசியலமைப்பில் இருந்தது. அம்மா மலேசியராக இருந்தது கணக்கிலேயே வரவில்லை.

நாலு வயதில் புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்தவன் இங்கேதான் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டோம். நான்கு ஆண்டுகள் காத்திருந்த பிறகு ஒரே பத்தியில் மறுப்புக் கடிதம் வந்தது, காரணம் சொல்லவில்லை. மகள் வருடா வருடம் அவன் இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க லீவு போட்டு வரிசையில் நிற்கிறாள்.

2024 அக்டோபர் 17இல் மக்களவையில் 206 பேர் ஆதரித்து, அம்மா, அப்பா இருவரில் ஒருவர் குடிமக்களாக இருந்தால் போதும் என்று திருத்தம் நிறைவேறியபோது, வீட்டில் மகள் அழுதுவிட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அது முன்பே பிறந்தவர்களுக்குப் பொருந்தாதாம்.

1949இல் காலனி அரசால் முடிந்தது நம் நாடாளுமன்றத்தால் ஏன் முடியாது? முன்பே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து இன்னொரு திருத்தம் கொண்டு வாருங்கள் என்று அந்த 206 பேரையும், குறிப்பாகப் பினாங்கு உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பேரனின் பாஸ் அடுத்த மாதம் முடிகிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியை,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு