சத்துவாச்சாரி பகுதிப் பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, முன்வரிசை நாற்காலிகளை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டுச் சந்தா அதே நூறு ரூபாய்தான். தராதவர்கள் பட்டியலும் அவரிடம் இருக்கிறது. சபை நாகரிகம் கருதி நான் அதைத் தொடவில்லை.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு மாலைகளில் நடந்தன. மே மாதக் கூட்டத்தை மட்டும் கத்திரி வெயிலுக்குப் பயந்து இரவு ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் வைத்தோம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம் ஜூன் கூட்டத்தில் தொடங்கியது. அதுவரை நம் கூட்டம் ஏறக்குறைய ஒரு பஞ்சாயத்து போலத்தான் நடந்துவந்தது. பிள்ளைகள் மேல் புகார் சொல்ல எல்லோரும் இருந்தோம். புகாருக்கு ஆளானவர்கள் மட்டும் வெளியே வராந்தாவில் நின்றார்கள். அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கதவருகே வந்து, “எங்களைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? நாங்கள் ஏன் வெளியே நிற்க வேண்டும்?” என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் கூட்டத்தில் உட்காரலாம் என்று அன்றே முடிவானது. பிள்ளைகள் தங்கள் தரப்பில் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள்: கூட்டத்தில் யாருடைய மதிப்பெண்ணையும் சொல்லக் கூடாது, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. மீறினால் பத்து ரூபாய் அபராதம். பொருளாளர் கணக்கில் ‘இதர வரவு’ என்று வருவது அந்தப் பணம்தான். அதில் கணிசமான பங்கு நம் தலைவருடையது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் கூட்டம் முழுவதையும் செல்போன் விழுங்கிவிட்டது. இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறார்கள் என்பதே எல்லா வீட்டின் புகாரும். செவிலியராகப் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர் பகல் பணி முடித்த கையோடு வந்திருந்தார். பருவ வயதில் உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது இரவில் தாமதமாகிறது என்றும், நேற்றுவரை ஒன்பது மணிக்குக் கண்ணயர்ந்த பிள்ளை இன்று பதினோரு மணிக்கும் விழித்திருப்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்றார். உடனே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கரும்பலகையில் தன் நாளை எழுதிக் காட்டினான். காலை ஐந்தரைக்குக் கணக்கு டியூஷன், அதற்கு ஐந்து மணிக்கு எழ வேண்டும். மாலை டியூஷன் முடிந்து வீடு திரும்ப ஒன்பது. சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடிக்கப் பதினொன்று. “செல்போனைத் தொடாமலே ஆறு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. மீதி இரண்டு மணி நேரத்தை யார் எடுத்தது?” என்றான். அவன் அப்பா அன்று மாலை முழுக்கக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை டியூஷனை அவர் நிறுத்திவிட்டார். மற்றவர்களில் சிலர் நிறுத்தினார்கள், பலர் நிறுத்தவில்லை.

செல்போனுக்கு ஓர் ஏற்பாடு செய்தோம். இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாச் செல்போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அப்பா அம்மாவுடையவையும் சேர்த்து. இரவுப் பணிக்காரர்களுக்கும், எல்லையிலிருந்து கணவர் அழைக்கும் வீடுகளுக்கும் விலக்கு உண்டு. ‘தொழில் விஷயம்’ என்று தனக்குத் தானே விலக்கு அளித்துக்கொண்ட அப்பாக்களின் வீடுகளில் இது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மற்ற வீடுகளில் அரைகுறையாகவாவது நடக்கிறது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை யாரும் உள்ளே நுழைய முடியாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது. அதை நம்மைவிடப் பிள்ளைகள் முன்னதாகவே படித்திருந்தார்கள். அப்பாவின் ஆதாரை வைத்து அப்பா பெயரில் கணக்குத் தொடங்குவது எப்படி என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் செல்போனுக்கு நீங்கள் கேட்காத ஓ.டி.பி. வந்தால் பேசாமல் அழித்துவிடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை எல்லோரும் சொல்வார்கள்; நம் தெருக்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அவற்றில் ஒரு வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வரும். அப்பா முதலில் கேட்பது “டெஸ்டில் எத்தனை?”. பையன் எண்ணைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவான். மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். அந்த அம்மா கூட்டத்தில் இதைச் சொல்லி வருந்தியபோது, பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற சுபேதார் ஒரு யோசனை சொன்னார்: ஒரு மாதத்துக்குப் படிப்பைப் பற்றிய கேள்வியே வேண்டாம், அங்கே முகாமில் இன்று என்ன சமைத்தார்கள் என்று அப்பா சொல்லட்டும். இப்போது பையன் எதிர்க்கேள்வி கேட்கிறானாம். தன் மதிப்பெண்ணையும் சில நாட்களில் அவனே சொல்லிவிடுகிறானாம், குறைந்ததையும் சேர்த்து.

வண்டி விவகாரத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு போகும் ஸ்கூட்டர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் கிடைக்குமே என்று வாதிடுபவர்களுக்கு: அது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அதைத் தாண்டியவை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. இதை நான் வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர் சிரிக்கவில்லை. ஆனால் “டியூஷனுக்கு நேரமாகிவிட்டது, வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று சாவியைத் தருவதே அம்மாதான்” என்று ஒரு பெண் சொன்னதும் கூடம் அடங்கிவிட்டது. டியூஷன் நேரத்துக்குச் சேர்ந்து போகச் சைக்கிள் குழு ஒன்றைத் தொடங்கினோம். மழை நாட்களில் அது செயல்படவில்லை.

தை மாதத்தில் வந்தது ஒரு நுட்பமான விஷயம். சம்பந்தப்பட்ட பெண்ணின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். ஏழாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா ஏற்பாடானது. தாய்மாமன் ஆசையாக, பெண்ணின் படத்தோடு மெயின் ரோட்டில் வைக்கப் பெரிய பிளக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டார். அவள் தினமும் பள்ளிக்குப் போகும் வழி அது. வகுப்புப் பையன்களும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். வீட்டில் சொன்னாள், எடுபடவில்லை. ஆயாவைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டாள். பேரப்பெண் பேச முடியாமல் தாவணி முனையைத் திருகிக்கொண்டிருக்க, ஆயாதான் பேசினார்: “என்னைப் பச்சை ஓலைக் குடிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. இவள் கேட்கிறாள், நீங்கள் காது கொடுங்கள்.” தலைவரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். இரண்டு மணி நேரம் பேச்சு, மூன்று சுற்றுக் காபி. மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அச்சுக்கூலி போய்விட்டது என்றார். கடைசியில் பேனர் இல்லை, விழா வீட்டோடு நடந்தது. மாமா சீர்வரிசைத் தட்டுகளோடு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். உளுந்தங்களி நன்றாக இருந்தது. இந்தச் சடங்கே வேண்டாம் என்று சொல்லும் உறுப்பினர்களும் நம்மில் இருக்கிறார்கள். என் கருத்தும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்தப் பெண் சடங்கை எதிர்க்கவில்லை, தன் படம் தெருவில் தொங்குவதைத்தான் எதிர்த்தாள். அவள் கேட்டதற்கு மேல் நாம் போகவில்லை.

பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடுவது நம் ஊர்ப் பையன்களின் பிறப்புரிமை. மணல் அள்ளிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கினால் ஆழம் தெரியாது. 2021 நவம்பரில் ஆறு புரண்டோடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆற்றுக்குப் போவதில்லை என்று பையன்கள் ஒப்புக்கொண்டார்கள், மாற்று இடம் தந்தால். காலி மனை ஒன்றின் உரிமையாளர் வீடு கட்டும்வரை அனுமதி தந்தார். சீமைக் கருவேல முள்ளை எல்லோருமாக வெட்டி அகற்றினோம். ஜன்னல் கண்ணாடி ஒன்றுக்கான செலவு கணக்கில் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள், பையைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தக் குரூப் என்ற கூட்டத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. சிறார் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்களை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறோம். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

குறை ஒன்று. ஷூ கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் கிளம்பிப் பொழுது சாய்ந்து திரும்பும் அம்மாக்கள் கூட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். தெருமுனை டீக்கடையில் நிற்கும் அப்பாக்களால் வர முடிவதில்லை.

இறுதியாக, பொதுக்குழுவின் முடிவுக்கு ஒரு தீர்மானம்: செயற்குழுவில் 15 முதல் 17 வயதுள்ள இருவருக்கு இடம் தருவது. செயற்குழுவில் ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதியாக நின்றன. தலைவர் தம் வாக்கைப் பயன்படுத்த விரும்பவில்லை. நான் ஆதரிக்கிறேன். கை தூக்குகிறவர்கள் சற்று நேரம் தூக்கியே வைத்திருங்கள், எண்ண வேண்டும். முன்வரிசைக் கைகள் இப்போதைய விதிப்படி கணக்கில் சேராது. அந்த விதியை மாற்றக் கோரும் மனு ஒன்று நாற்பது கையெழுத்துகளோடு என் மேசையில் இருக்கிறது. அதைத் தேநீருக்குப் பின் எடுத்துக்கொள்வோம்.

செயலாளர்
சத்துவாச்சாரி, வேலூர்