சொந்த ஊரை ஆய்வு செய்யும் மாணவருக்குப் பேராசிரியர் செய்ய வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசியல் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் தொகுதியை எடுத்தால், முதலில் தோன்றும் தலைப்பு ஒன்றுதான்: 1974 முதல் அதன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு 2008-இல் ஏன் தோற்றார்? அதற்கு நூறு காரணம் சொல்லலாம். ஓர் ஆய்வேட்டில் ஒன்றைக்கூட நிறுவ முடியாது. "சரி, எழுது" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது வழிகாட்டல் ஆகாது. நல்ல நெறியாளர் கேள்வியைக் குறுக்குவார்: அதிலடங்கிய லிந்தாங் அல்லது ஜாலோங் சட்டமன்றத் தொகுதி, இரண்டு தேர்தல்கள், போராங் 14.

போராங் 14 என்பது ஒவ்வொரு சாலுரானின் (வாக்குச்சாவடிக்குள் பிரிக்கப்படும் வாக்களிப்பு அறையின்) வாக்கு எண்ணிக்கையையும் பதியும் படிவம். நகல் வேட்பாளர்களின் முகவர்களிடம் இருக்கும். கேட்கப் போனால், மாணவரின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்திவந்த ஆக்கு (பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச்) சட்டம் பாயுமோ என்று மாணவர் அஞ்ச வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாணவர்கள் கட்சியில் சேரவே தடையில்லை. சாலுரான்கள் வயதுப்படி பிரிக்கப்படுகின்றன. முதலாவதில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். எனவே எந்த வயதினர் எந்தப் பக்கம் சாய்ந்தனர் என்பதை ஓரளவு காணலாம். இனத்தை அப்படிக் காண முடியாது. தமிழ்ப்பள்ளியில் வைத்த பெட்டி என்பதாலேயே அதை இந்தியர் வாக்கு என்று எழுதுவது பெரும்பிழை.

ஒப்பிடும் ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். 2018 தேர்தலுக்குச் சற்று முன் தீபகற்ப மலேசியாவில் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டதால், 2013-உடன் நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு தவறக்கூடும். 2018-க்கும் 2022-க்கும் இடையில் மாறியது வாக்காளர் பட்டியல். 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தன. 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2 கோடியே 11 லட்சமானது. வாக்குப்பதிவு சுமார் 82 விழுக்காட்டிலிருந்து 74-க்கு இறங்கியதைப் பார்த்து "மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது" என்று முடிவு கட்டுவார்கள். வாக்களித்தவர் எண்ணிக்கையோ 30 லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது!

தோட்டப் பகுதியில் இன்னொரு சிக்கல். தானியங்கிப் பதிவு மைகாட் (அடையாள அட்டை) முகவரியைப் பின்பற்றுகிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோய், முகவரியை மாற்றாதவர் பெயர் பழைய இடத்திலேயே இருக்கும். பட்டியலில் உள்ளவரெல்லாம் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்கிறார்கள் என்று எண்ணக் கூடாது.

பேட்டிக்குப் போகுமுன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி வாய்விட்டு வாசிக்கப் பழக்க வேண்டும். மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. வேலை முடிந்த பிறகு, வீட்டு வாசலில் கேட்பதே சரி. முதல் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்விகளைத் திருத்திவிட்டே தொடர வேண்டும்.

இவற்றைக் கற்றுக்கொடுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரச் சந்திப்பும், எழுதிக் கொடுத்த பக்கங்களுக்கு ஒரு வாரத்துக்குள் திருத்தமும் போதும். ஆனால் பதவி உயர்வின்போது கட்டுரை வெளியீடுகளுக்கு உள்ள எடை இந்த உழைப்புக்கு இல்லை. குழுக்களில் அமர்வதைப் பல்கலைக்கழகச் சேவையாகக் கணக்கிடும் துறைகள், மாணவரோடு அமரும் நேரத்தையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளையின் கல்வி ஆலோசகர் யார் என்று முதல் பருவத்திலேயே கேளுங்கள். முதுகலைக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையென்றால் மூன்று வாரம் முன்னதாக, மதிப்பெண் பட்டியலோடும் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தோடும் போய்க் கேட்கச் சொல்லுங்கள். முகமே தெரியாத மாணவருக்குப் பேராசிரியர் நான்கு வரிக்கு மேல் என்ன எழுத முடியும்?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்