கான்ஸ்டன்டைனுக்கு முன்பே வழங்கிய சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் திருச்சபையைத் தோற்றுவித்தவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனே என்ற பேச்சை, இங்கே ஏற்காட்டில் கோயில் வாசலிலேயே கேட்கிறேன். அவர் 313இல் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்தார், 325இல் நிசேயா நகரில் ஆயர்களை (பிஷப்புகளை) கூட்டினார், அவ்வளவே. அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், ஸ்மிர்னா நகரக் கிறித்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில், இயேசு எங்கே இருக்கிறாரோ அங்கே கத்தோலிக்கத் திருச்சபை இருக்கிறது என்கிறார். முழுமையான, அனைவருக்கும் பொதுவான என்பதே ‘கத்தோலிக்க’ என்ற அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். ஆயர், மூப்பர், திருத்தொண்டர் என்ற அமைப்பும் நற்கருணையும் (அப்ப, ரசத் திருவிருந்து) அக்கடிதத்திலேயே உள்ளன. ஆனால், ரோம் ஆயரான பாப்பரசரின் தலைமை இன்றைய வடிவம் பெறப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பதைக் கத்தோலிக்கராகிய எம்மவரும் மறைக்கலாகாது. பாப்பரசரின் தவறா வரம், அதாவது விசுவாசம், ஒழுக்கம் பற்றி அவர் அதிகாரபூர்வமாக வரையறுத்துப் போதிக்கும்போது தவறமாட்டார் என்பது, கோட்பாடாக அறிவிக்கப்பட்டது 1870இல்தான்.

இப்படிக்கு,
வாசகர், ஏற்காடு