நாற்பது கிராம் தகராறு

அன்புள்ள சேகர்,

இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. வேளச்சேரியில் மழைத் தண்ணீர் இந்தத் தடவை வாசலோடு நின்றது. மணி வந்திருந்தான்; மெஸ் பாக்கியை இன்னும் உன் தலையில்தான் எழுதுகிறான்.

சரி, விஷயம் இது. ஆபீஸில் ஒரே ரகளை. 12 கிலோவில் ஒரு குட்டி செயற்கைக்கோள். அதன் வேகத்தை மொத்தத்தில் நொடிக்கு 100 மீட்டர் மாற்ற வேண்டும். நைட்ரஜனைப் பீய்ச்சும் கோல்டு கேஸ் என்றால் ஐஎஸ்பி, அதாவது எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்ற அளவு, 70 நொடிதான்; வாயுவே 1.6 கிலோவைத் தின்றுவிடும். செனான் வாயுவை அயனியாக்கித் தள்ளும் மின் த்ரஸ்டர், 1,500 நொடி என்றால் 81 கிராம் போதும். சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்ட அதே ராக்கெட் சமன்பாடுதான். இதுவரை தகராறில்லை.

மேலதிகாரிக்கு ஐஎஸ்பி 3,000 வேண்டுமாம்! பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போடலாமே. செனான் 41 கிராமாகக் குறையும், வாஸ்தவம். ஆனால் கையில் இருப்பது 30 வாட். அதே வாட், அதே 30 சதவீதத் திறன். ஐஎஸ்பியை இரட்டிப்பாக்கினால் தள்ளுவிசை பாதியாகிவிடும். 1,500-லேயே கிடைப்பது 1.2 மில்லிநியூட்டன், ஐந்தாறு அரிசியின் எடை. அதை வைத்து 100 மீட்டரை எட்ட, நிறுத்தாமல் ஓட்டினாலும் 11 நாள் தாண்டும். 3,000-ல் 23 நாள் ஆகும். பூமியின் நிழலில் மின்சாரம் குறையும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. நாற்பது கிராம் மிச்சம் பிடிக்க இவ்வளவு காத்திருப்பா?

இதைச் சொன்னால், "ஆப்டிமைசேஷன் என்ன சொல்கிறதோ அதைச் செய்வோம்" என்கிறார். சிறந்த விடையைத் தேடும் அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு, என்ன கேட்கிறோமோ அதைத்தான் சொல்லும், சேகர். எரிபொருள் எடையை மட்டும் குறை என்றால் ஐஎஸ்பியை எல்லை வரை ஏற்றும். நாளுக்கும் ஒரு விலை வைத்தால் உடனே இறங்கி வருகிறது. டேங்க் சுவரின் தடிமனுக்குக் கீழ்வரம்பு போடாமல் கூட இருக்கும் பையன் ஓடவிட்டான். காற்றிலேயே டேங்க் கட்டிக் கொடுத்தது. அடக்க முடியாமல் மீட்டிங்கில் சிரித்துத் தொலைத்தேன்.

செனானுக்குப் பதிலாக, என் கண் அயோடின் மேல். 2020-ல் ஏவிய பெய்ஹாங்கோங்ஷி-1 என்ற சீனச் செயற்கைக்கோளில், பிரெஞ்சுக் கம்பெனியான த்ரஸ்ட்மி அதை ஓட்டிக் காட்டிவிட்டது. திடப்பொருள், அதனால் உயர் அழுத்த டேங்க் தொல்லை இல்லை. ஆனால் உலோகத்தை அரிக்கும்.

இப்போது உண்மையாகவே பயப்படுவது வேறு. முப்பது வாட்டில் வீணாவதில் பெரும்பகுதி வெப்பம். ஷூ பெட்டி அளவு கூட்டுக்குள் காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை, பக்கத்திலேயே பேட்டரி. எங்கள் மாடலில் வெப்பத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. திருச்சியில் பசங்களுக்கு நீ நடத்துவதே இதுதானே? கதிர்வீச்சுக் கணக்குப் போட்ட உன் நோட்டின் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பு. வியாழக்கிழமை ரிவ்யூ. அதற்கு முன்னால் வேண்டும்டா.

உன்,
கண்ணன்